ஏழாம் நம்பர் வாளி

நெய்வேலி டவுன்ஷிப்பில் மரியசெல்வியின் புகழ் முதலில் மூக்கு வழியாகத்தான் பரவியது.

'தானே' புயலில் அவள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் இருந்த பலாமரம் வேரோடு சாய்ந்தது. மரத்தை வெட்டி எடுத்துப் போனார்கள், பள்ளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். வேறு யாராவது என்றால் மண்ணைக் கொட்டி மூடியிருப்பார்கள். மரியசெல்வி விருத்தாசலம் பக்கம் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி மண்புழுவோடு பஸ் ஏறி வந்தாள்.

"மீன் புடிக்கப் போறியா?" என்றார் கணவர் தைரியநாதன்.

"உரம் புடிக்கப் போறேன்."

முதல் வருஷம் பிடித்தது நாற்றம்தான். எலுமிச்சைத் தோல், ஊறுகாய் மிச்சம், எண்ணெய் வழியும் குழம்பு என்று கல்யாணப் பந்தியில் பரிமாறுவதுபோல அள்ளி அள்ளி வைத்தாள். புழுக்களில் பாதி செத்தன, மீதி பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோயின. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கருணாகரன் மூக்கில் கர்ச்சீப்போடு வந்து நின்றார். "ஏம்மா, இது வீடா, சாக்கடையா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை, நிற்கும் நிலைமையில் காற்றும் இல்லை.

அந்தக் கேள்வியை மரியசெல்வி சேமித்து வைத்துக்கொண்டாள். புளிப்பு, காரம், எண்ணெய் மூன்றுக்கும் தடை போட்டாள். முத்தாண்டிக்குப்பத்துத் தம்பி வீட்டிலிருந்து பலாப்பழம் வரும் மாதங்களில் சுளை மனிதர்களுக்கு, சக்கை புழுக்களுக்கு என்று சட்டம் வந்தது. மனிதர்களுக்குச் சுளை குறைந்தாலும் குறையும், புழுக்களுக்குச் சக்கை குறையாது. சில வருஷங்களில், மூக்கைப் பொத்திக்கொண்டு போன அதே பிளாக், காய்கறித் தோலைப் பையில் கட்டிக்கொண்டு அவள் கேட்டில் மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தது.

உரத்தை ஊரே மெச்சியது, ஒருவரைத் தவிர. தைரியநாதன் சுரங்கத்து லேபில் முப்பது வருஷம் பழுப்பு நிலக்கரியை எரித்து ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்த்து ரிட்டயர் ஆனவர். சாம்பலில் அரைப் புள்ளி சந்தேகம் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து எரிப்பார். அவரிடம் இருந்தது இரண்டே வார்த்தைகள்: பாஸ், ரிஜெக்ட். மரியசெல்வி வைத்த ரசத்துக்கு பாஸ். மகள் ஆனி கட்டி வந்த பட்டுப்புடவைக்கு பாஸ். உரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டியபோதும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்... பாஸ்."

இந்த நிலைமையில்தான் சங்கம் மண்புழு உரப் போட்டியை அறிவித்தது. வீட்டு உணவுக் கழிவில் செய்த உரம், வீட்டுக்கு ஒரு வாளி. வாளியில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். நடுவர், முகத்துக்காக எதையும் பாஸ் போடாத தைரியநாதன். நடுவர் வீட்டார் கலந்துகொள்ளக் கூடாது.

"அப்ப நான்?" என்றாள் மரியசெல்வி.

"நீ டீ குடு."

அன்று சாயங்காலமே நடுவருக்குக் கவலை வந்துவிட்டது. "செல்வி, உரத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்லிக் குடேன்."

போட்டியில் சேரக் கூடாது என்றார்களே தவிர, நடுவருக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் பள்ளத்து ஓரமாக வகுப்பு நடந்தது. "புடிங்க. புட்டு மாவு பதம் தெரியுமில்ல? புடிச்சா நிக்கணும், தட்டுனா உதிரணும். விரல் சந்துல தண்ணி வந்தா ஆவல. உள்ள கைய வுடுங்க, சூடு இருந்தா இன்னும் வேலை நடந்துகினு இருக்குதுன்னு அர்த்தம். எந்தக் காய்னு கண்டுபுடிக்க முடிஞ்சா அது உரம் இல்ல, குப்ப. மோந்து பாருங்க. புளிச்ச வாட வரக் கூடாது. மழை பேஞ்சி ஓஞ்ச மறுநாள் நெலத்துல ஒரு வாசம் வருமே, அது மாதிரி."

தைரியநாதன் நல்ல மாணவர். பிடித்தார், உதிர்த்தார், மோந்தார். "பாஸ்" என்றார்.

அதோடு மரியசெல்விக்குப் பொறுமை போய்விட்டது. சுவர் ஏறி, அதாவது சுவருக்கு மேலே தலையை நீட்டி, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லியைக் கூப்பிட்டாள். புஷ்பவல்லி கரூர்க்காரி. கணவருக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை, அவளுக்குப் புழு என்றால் பயம்.

"எம்பேர்ல வாளியா? ஐயோ, எனக்குப் புழுவப் பாத்தாலே ஒடம்பு கூசுதுங்கக்கா!"

"ஒன்ன யாரு பாக்கச் சொன்னது? தெனம் நீ குடுத்த தோலுதான உள்ள கெடக்குது? தோலு ஒன்னுது, புழு என்னுது. பரிசு வந்தா நீயே எடுத்துக்க. எனக்கு அந்த மனுசன் வாயிலேர்ந்து பாஸுக்கு மேல ஒரு வார்த்த வரணும். யாருதுன்னு தெரியாம வரணும்."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் வாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தைரியநாதன் லேபுக்குப் போகும் முகத்தோடு வந்தார். முதல் வாளியில் முருங்கைக்காய் முருங்கைக்காயாகவே இருந்தது, ரிஜெக்ட். இரண்டாவதில் கையை விட்டார், சூடு, ரிஜெக்ட். மூன்றாவது வாளியில் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த மரியசெல்வி அந்த முகத்தைப் பார்த்தாள். ஆனி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்தாரே, அந்த முகம். மூன்றாம் வாளியில் இருந்தது நல்ல கருப்பு, மைபோல. அவர் அள்ளினார், தடவினார், விரலிடுக்கில் தேய்த்தார். "என்ன கலரு! என்ன கலரு!" என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் ரசத்துக்கும் கிடைக்காத ஆச்சரியக்குறி, ஒரு வாளிக்குக் கிடைத்தது.

நாலு, அஞ்சு, ஆறு மூன்றும் ரிஜெக்ட். கடைசியாக, புஷ்பவல்லி பேரில் வந்திருந்த ஏழாம் வாளிக்கு வந்தார். பிடித்தார், நின்றது. தட்டினார், உதிர்ந்தது. மோந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மறுபடி மூன்றைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டும்தான் மிச்சம். ஆனா மூணு... அது ஒரு தனி அழகுங்க" என்றார்.

மரியசெல்வி டீயோடு அருகே போனாள். டம்ளரை வாங்க நீண்ட கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் பழுப்புக் கறை. முப்பது வருஷம் அவர் சட்டையில் அவள் சோப்புப் போட்டுத் தேய்த்த கறை. மண்புழு உரம் இப்படி ஒட்டாது. யாரோ உரத்தில் நிலக்கரித் தூளைக் கலந்து கருப்பாக்கியிருக்கிறார்கள்.

சொல்ல முடியுமா? நடுவர் மனைவி வாயைத் திறந்தால் போட்டி கெட்டுவிடும். அவருக்குப் புரியும் பாஷையில் மட்டும் மெல்லக் கேட்டாள்: "ஏங்க, ரெண்டுக்கும் சாம்பல் பாத்தீங்களா?"

அவ்வளவுதான், தைரியநாதனுக்கு ரிட்டயர்மென்டே மறந்துவிட்டது. டீ போட்ட கேஸ் அடுப்பில் இரண்டு இரும்புக் கரண்டிகள் ஏறின. ஒன்றில் மூன்றாம் நம்பர், ஒன்றில் ஏழு. புகை வந்தது. அந்த வாசனையில் கூடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறந்ததிலிருந்து மூச்சு விடும் கரி வாசனை எப்படித் தெரியும்? கருணாகரன் சுகாதாரத்தைப் பற்றிப் பேச எழுந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் எதுவும் எரிந்து அடங்கிவிடும், இதுவும் அடங்கியது.

தைரியநாதன் குனிந்து பார்த்தார். ஏழாம் நம்பர் கரண்டியில் பாதிக்கு மேல் சாம்பல். முகம் சுருங்கியது. "சே, இவ்ளோ சாம்பலா? இத வெச்சிகினு இன்னா பண்றது?"

மரியசெல்வி ஏழாம் நம்பர் கரண்டியையே பார்த்தாள். தானே கேட்ட கேள்வி, தன் தலையிலேயே விழுகிறது.

மூன்றாம் நம்பர் கரண்டியில் அடியில் கொஞ்சமாக ஒட்டியிருந்தது. தைரியநாதன் அதை உயர்த்திப் பிடித்தார். "பாருங்கய்யா! எப்படி எரிஞ்சிருக்குது பாருங்க! சாம்பலே இல்ல! பாய்லர்ல போட்டா..."

அங்கேயே நின்றுவிட்டார்.

"பாய்லர்ல" என்றார் மறுபடி, தனக்குத்தானே. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மெல்ல மோந்தார். பிறகு அவர் பேசியதில் லேபின் பழைய கண்டிப்பு வந்திருந்தது. "பாய்லருக்குப் போறது எரிஞ்சி தீரணும். மண்ணுக்குப் போறது எரிஞ்சி தீரக் கூடாது, அதுல மண்ணு இருக்கணும். நான் தலகீழா பாத்துட்டேன். மூணு உரம் இல்லீங்க. பாதி நம்ம கரி. முதல் தர கரி. யாருது?"

கருணாகரன் கர்ச்சீப்பை எடுத்தார், இந்த முறை நெற்றிக்கு. "கருப்பா இருந்தாத்தான் மதிப்புன்னு... பையன் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு வெச்சிருந்த கட்டி, இடிச்சு ரெண்டு படி போட்டேன். கெடுதல் இல்லையே சார், நம்ம ஊர் சரக்குதானே?"

"சரக்குல குத்தமே இல்ல சார். கரிக்குப் போட்டி வெச்சா உங்களுக்குத்தான் கப்பு."

சேமித்து வைத்த கேள்வியை எடுக்க மரியசெல்விக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. டீ டம்ளரைக் கருணாகரன் முன்னால் வைத்தாள். "சார், இது வாளியா, மைன்ஸா?"

கூடம் சிரித்து அடங்கச் சிறிது நேரம் ஆனது. தைரியநாதன் ஏழாம் வாளியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். "நடுவரா வந்து நானே ரிஜெக்ட் ஆயிருப்பேன். இந்த ஏழு... இதுக்கு மேல ஒரு உரம் நான் பாத்ததில்லீங்க. செஞ்ச கைக்கு ஒரு கும்பிடு."

டீத் தட்டுக்குப் பின்னால் அந்தக் கை கும்பிடை வாங்கிக்கொண்டது.

புஷ்பவல்லி மேடையேறி எவர்சில்வர் குடத்தை வாங்கினாள். "எப்படிம்மா செஞ்சே, நாலு பேருக்குச் சொல்லு" என்று மைக்கை நீட்டிவிட்டார்கள்.

"நான் எங்கங்க செஞ்சேன்?" என்றாள் புஷ்பவல்லி, மைக்கை எட்டப் பிடித்துக்கொண்டே. "எல்லாம் புழு செஞ்சதுங்க. நான் கிட்டக்கூடப் போகலீங்க."

என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று கூடம் கைதட்டியது. அன்று அங்கே பேசப்பட்டதில் அதுதான் கலப்படமில்லாத உண்மை.

ராத்திரிச் சாப்பாட்டில் தைரியநாதன் ரசத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். "செல்வி, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. ஒன்னுதும் பாஸ்தான். ஆனா அந்த ஏழாம் நம்பர் பக்கத்துல நிக்க முடியாது. அந்தப் பொண்ணுகிட்ட போயி கொஞ்சம் கத்துக்க."

"நாளைக்கே போறேங்க" என்றாள் மரியசெல்வி. அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள், கேட்காமலே.

அவர் எழுந்ததும், தட்டில் ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலையைக் கழுவி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பள்ளத்தின் மேல் மூடியிருந்த சாக்கை விலக்கினாள்.

"இன்னாங்கடி, கேட்டீங்களா? நம்மகிட்டயே தோத்துட்டமாம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் கேட்காதபடி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.