வெள்ளைப் பட்டையில் ஒரு பொட்டு மஞ்சள்

ஆளுக்கொரு துண்டுக் காணியை வாடகைக்கு எடுத்துத் தோட்டம் செய்கிற எங்கள் தோட்டக் காலனியில் செடிவேலியின் உயரத்தை அளப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமைகளில் அளவுநாடாவோடு வருவார். அனுமதித்த அளவைத் தாண்டி வேலி இரண்டு விரல் வளர்ந்துவிட்டால் வீட்டுக்குக் கடிதம் வரும். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை புல்வெட்டும் இயந்திரத்தைத் தொடக்கூடாது. காணியில் மூன்றில் ஒரு பங்கில் மரக்கறியோ பழமோ கட்டாயம் நிற்கவேண்டும். இத்தனை சட்டம் போட்ட டோர்ட்மண்ட்காரர்கள் கொடிக்கம்பத்தை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். ஒருவருடைய கம்பத்தில் உதைபந்தாட்டக் கழகத்தின் மஞ்சள் கறுப்பு, இன்னொருவருடையதில் மீன்பிடிக் குழுவின் நீலம், மூலைக்காணிக்காரரிடம் மண்டையோடு போட்ட கடற்கொள்ளையர் கொடி. ஜேர்மன் நாட்டுக் கொடியை உலகக் கிண்ணம் நடந்தால்தான் காணலாம். தோற்ற மறுநாள் காலையிலேயே அது பெட்டிக்குள் போய்விடும்.

எங்கள் கம்பத்தில் பாகல் படர்ந்திருக்கிறது. ஒரு கம்பத்துக்கு இதைவிட உருப்படியான வேலை இல்லை என்பது என் மனுசனின் கருத்து.

நான் தையல்காரி. நகரத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜேர்மன்காரரின் காற்சட்டைகளைக் கட்டையாக்குவதும் சிப் மாற்றுவதும்தான் பிழைப்பு. தோட்டத்தில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அமெரிக்கத் தம்பதி. இருபது வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறார்கள். கணவர் லிப்ட் திருத்துகிறவர், மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறார். வீட்டில் நாங்கள் அவரைக் கொடிக்காரர் என்றும் மனைவியை ரீச்சர் என்றும் சொல்வோம். எங்கள் நாலு பேருக்கும் பொதுவான மொழி ஜேர்மன். நாலு பேரும் அதை ஏறத்தாழ ஒரே அளவு பிழையோடு பேசுவதால் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொள்வோம். அவர்கள் பேசியதை இங்கே எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு தமிழில் சண்டை பிடிக்க எனக்கு வராது.

சண்டை என்று சொன்னது சும்மா இல்லை. கொடிக்காரருடைய தகப்பன் தினமும் காலையில் வீட்டு முற்றத்தில் கொடி ஏற்றி, பொழுது படமுன் இறக்கி, முக்கோணமாக மடித்து வைப்பாராம். கொடி நிலத்தில் முட்டக்கூடாது, மழையில் நனையக்கூடாது. தொலைக்காட்சியில் அவர்களுடைய தேசிய கீதம் கேட்டால் கொடிக்காரர் எழும்பி நிற்பார். ஒருமுறை எங்கள் வீட்டில், கையில் இடியப்பத் தட்டோடும் நின்றிருக்கிறார். ரீச்சருக்கு இதையெல்லாம் கண்டால் பத்திக்கொண்டு வரும்.

"கையை நெஞ்சில வைச்சுக்கொண்டு நிக்கிறவைக்கு வாயால ஒரு கேள்வி கேக்க ஏலாது. எத்தினை யுத்தம் நடந்தாலும் கேக்கமாட்டினம்," என்பார்.

"பிழை விடாத நாடு ஒண்டு சொல்லும் பாப்பம்," என்பார் கொடிக்காரர்.

"விட்ட பிழையை ஒத்துக்கொண்ட நாட்டிலதான் இருக்கிறம். இஞ்ச ஆரும் கொடி பிடிக்கிறேல்லை. நாடு ஓடாமலா நிண்டுபோச்சு? ரெயில் ஓடுதுதானே?"

"ரெயில் எங்க ஓடுது?" என்று என் மனுசன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பார். அன்று காலையிலும் அவர் வராத ரெயிலுக்கு ஒரு மணித்தியாலம் பிளாட்பாரத்தில் காத்து நின்றிருப்பார். நாலு பேரும் சிரித்துவிடுவோம். பிறகு ரீச்சர் ஸ்ட்ராபெரி தருவார், நான் பாகற்காய் கொடுப்பேன். பாகற்காயை என்ன செய்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஜூலை நாலாம் தேதி, அவர்களுடைய சுதந்திர தினத்தில் மட்டும், கொடிக்காரர் தோட்டத்தில் கொடி ஏற்றலாம். அவர் ஏற்றுகிற நேரத்தில் ரீச்சர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போய்விடுவார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து, "முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

"உங்களுக்கு எந்தக் கொடி?" என்று ரீச்சர் என்னை ஒருமுறை கேட்டார். நான் பிறந்த ஊரில் யுத்த காலத்தில் ஒரு கொடியை ஏற்றினால் ஒரு பகுதி அடிக்கும், ஏற்றாவிட்டால் மற்றப் பகுதி முறைக்கும். அதனால் எங்கே எந்தக் கொடியைக் கண்டாலும் நான் முதலில் சுற்றிவர யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். கையில் ஜேர்மன் கடவுச்சீட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன வருடம் வசந்தத்தில் ரீச்சர் ஜேர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டார். சட்டம் மாறிவிட்டது, அமெரிக்கக் கடவுச்சீட்டையும் வைத்துக்கொள்ளலாம், இங்கே வாக்குப் போடலாம் என்று எங்களுக்குச் சந்தோசமாகச் சொன்னார். கொடிக்காரர் "நல்லது" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு உருளைக்கிழங்குப் பாத்தியைக் கொத்தப் போனார். இருட்டும்வரை கொத்தினார். அதற்குப் பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் சண்டையே இல்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கிற வீடு அமைதியானால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

ஜூனில் கொடிக்காரர் ஒரு பெட்டியோடு என் கடைக்கு வந்தார். புதுக் கொடி. நைலோன் வேண்டாமென்று தேடிப் பிடித்து வாங்கிய நல்ல பருத்தி. கம்பத்துக்குப் பொருந்த ஓரத்தில் ஒரு குழாய் மாதிரித் தைத்து, விளிம்பையும் பலப்படுத்தித் தரச் சொன்னார்.

"இந்தமுறை அவா சைக்கிளில போகமாட்டாவாம். எனக்குப் பக்கத்தில நிக்கிறனெண்டு சொல்லியிருக்கிறா," என்றார். அவருக்கு முகமெல்லாம் பல்.

இரண்டு நாள் கழித்து ரீச்சரும் வந்தார். "நான் நாட்டை விட்டுட்டுப் போறன் எண்டு நினைக்கிறார். வாய் திறந்து சொல்லமாட்டார். தன்னையே விட்டுட்டுப் போறன் எண்டமாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு திரியிறார். அண்டைக்கு ஒரு நாள் பக்கத்தில நிண்டாலாவது விளங்கும்," என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நான் அவருடைய கையைப் பிடித்து, கொடியைத் திறமாகத் தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திறமாகத்தான் தைத்தேன். வீட்டில் வைத்துத் தைத்தேன். அந்தக் கிழமை என் தங்கையின் மகளுக்குக் கலியாணம். மேசை நிறையப் பிளவுசுகள். இரட்டைத் தையல் போட்டு, மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடிக்காரரிடம் கொடுத்தேன்.

நாலாம் தேதி நல்ல வெயில். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அடுப்பில் சொசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார் கொடிக்காரர். ரீச்சர் மேசையில் தட்டுகளையும் கடுகுப் பசையையும் அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியும் அந்த மேசையில்தான் இருந்தது. நேரம் வந்ததும் கொடிக்காரர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கொடியை விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கீழ் மூலையில், வெள்ளைப் பட்டையில், மஞ்சளாக ஒரு கறை.

அவர் கறையைப் பார்த்தார். பிறகு மேசைக்குப் பக்கத்தில் கடுகுப் பசைக் குப்பியோடு நின்ற மனைவியைப் பார்த்தார். "இதையும் செய்யவேணுமோ?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெல்லக் கேட்டார்.

ரீச்சர் குப்பியை மேசையில் வைத்தார், சைக்கிளை எடுத்தார், போய்விட்டார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். என் மோதிர விரல் நுனியின் அளவு.

"இஞ்சாருங்கோ," என்று என் மனுசனைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "உது கடுகில்லை. என்ர மஞ்சள்."

"மஞ்சளோ? கொடிக்கோ?"

"புதுத் துணியெல்லோ! கலியாணப் பிளவுசுகளுக்கு வைச்ச கையோட இதுக்கும் வைச்சுப்போட்டன். சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லை."

மனுசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அமெரிக்காவுக்கே மஞ்சள் பூசிப்போட்டீர்," என்று தோள் குலுங்கச் சிரித்தார். வாயை மூடுங்கோ என்று அதட்டினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு நாட்டின் கொடியை அழுக்காக்கியிருக்கிறேன். என் ஊரில் இதைவிடச் சின்ன விசயத்துக்கு ஆட்களைத் தேடி வந்திருக்கிறார்கள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டேன். அந்த ஒரு நிமிசத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ரீச்சருடைய கதிரை மேசைக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்ததும் பையைக் கழற்றி வைத்தேன்.

"நான்தான் செய்தனான்," என்றேன் கொடிக்காரரிடம். "அது குர்குமா." மஞ்சளுக்கு ஜேர்மன் சொல் அதுதான்.

"கறிக்குப் போடுறதோ?"

"ஓம், கறிக்கும் போடுறதுதான். புதுத் துணி உடுக்க முதல் மூலையில ஒரு பொட்டு வைப்பம். உடுக்கிற ஆளுக்கு ஒரு கெடுதலும் வராமல் நல்லா இருக்கவேணும் எண்டு. நான் யோசிச்சு வைக்கேல்லை. கை வைச்சிட்டுது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் என்னையும் கறையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. "நான் அவளிட்ட என்ன கேட்டுப்போட்டன்," என்று தலையில் கை வைத்தார். அடுத்த கணம் ஓடத் தொடங்கினார். சமையல் ஏப்ரனோடு, கொடியை நிலத்தில் வைக்க மனமில்லாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். சொசேஜைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று என் மனுசனிடம் கத்திவிட்டு நானும் பின்னால் ஓடினேன். காலனியே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அளவுநாடாக்காரர்கூட அளவை விட்டுவிட்டுப் பார்த்தார்.

ரீச்சர் கால்வாய்க் கரையில் வழக்கமான மர வாங்கில்தான் உட்கார்ந்திருந்தார். கொடிக்காரர் மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்று, "நீர் செய்யேல்லை," என்றார்.

"நான் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார் ரீச்சர். "இருபது வருசமா நான் உம்மோட சண்டை பிடிக்கிறன். ஒரு நாளாவது அந்தத் துணியில கை வைச்சனானா? நான் வேற நாட்டையா ஏசுறன்? என்ர நாடு எண்டபடியால்தான் ஏசுறன். உமக்கு அது விளங்கும் எண்டு நினைச்சன்."

கொடிக்காரர் அழுதுவிட்டார். லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்கிற அவ்வளவு பெரிய மனுசன், கொடியாலேயே முகத்தைத் துடைக்கப் போய், அது கூடாதென்று ஞாபகம் வந்து ஏப்ரனால் துடைத்தார். ரீச்சருக்கு அதைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடைவெளியில் நான் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மறுபடி குர்குமா, கறி, கலியாணம், எல்லாம் சொன்னேன். ரீச்சர் முதல் தடவையாக அந்தக் கொடியின் மூலையைக் கையில் எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"நல்லா இருக்கவேணும் எண்டோ வைக்கிறது?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப இருக்கட்டும். கழுவவேண்டாம்," என்றார் கணவரிடம்.

திரும்பி வந்து கொடி ஏற்றினோம். கொடிக்காரர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். ரீச்சர் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஆனால் தோளோடு தோள் முட்ட நின்றார். என் மனுசன் கரிக்கட்டையாகிப் போன சொசேஜ் தட்டோடு நின்றார். நான் அண்ணாந்து அந்த மஞ்சள் பொட்டு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிவர யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மறந்துபோனேன். கொடி ஒரு கிழமை அப்படியே பறக்கட்டும் என்று ரீச்சரே சொல்லிவிட்டார். பின்னேரம் மழை வருகிறதென்றால் கொடிக்காரர் வேலையை விட்டு ஓடி வருவார்.

ரீச்சருக்குக் குளிர்காலத்தில் குடியுரிமை கிடைத்தது. நகரசபையில் ஜேர்மன் கீதம் போட்டபோது கொடிக்காரர்தான் முதலில் எழும்பினாராம். எந்த நாட்டுப் பாட்டென்றாலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வேலிக்கு அந்தப் பக்கம் சண்டையும் திரும்பி வந்துவிட்டது. இந்த வருடம் முன்னையதைவிடக் கடுமை. ரீச்சர் காலையில் செய்தி வாசித்துவிட்டு வந்தாரென்றால் பூக்களும் பயப்படும். எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

போன மாதம் ரீச்சர் அந்தப் பெட்டியோடு எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அன்று காலையிலும் அவர் தன் நாட்டை ஏசியது எங்கள் பாகல் பந்தல்வரை கேட்டிருந்தது. பெட்டியைத் திறந்து கொடியின் மூலையைக் காட்டினார். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. வெள்ளைப் பட்டை வெள்ளையாகவே இருந்தது.

"போயிட்டுது," என்றார். "இன்னொருக்கா வைக்கலாமோ?"

மீன் பொரிக்க வைத்திருந்த மஞ்சளைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே வையுங்கோ," என்றேன். ரீச்சர் பெருவிரலை அடிவரை தோய்த்தார்.

"சின்னதா ஒரு பொட்டுத்தான் வைக்கிறது," என்று அவசரமாகச் சொன்னேன்.

"இப்ப இருக்கிற நிலைமைக்குச் சின்னது காணாது," என்று சொல்லிவிட்டு அழுத்தி வைத்தார்.