வீக்கம் வடிப்பவர்

"ஏழு" என்று சொல்லிவிட்டு அக்கா டேப்லெட்டைப் பார்த்தார். திரையில் இன்னும் அந்த வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. "எட்டு" என்றார். அதற்கு மேல் எண்ணவில்லை. காய்ச்சல்காரரின் நெற்றியிலிருந்து கையை எடுப்பதுபோல் டேப்லெட்டை மேசைமேல் வைத்தார். "இது சதை இல்ல. வீக்கம்."

ஐந்து எண்ணுவதற்குள் எந்த வரைபடமும் திறந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சோதனைக்கு அவர் வைத்திருக்கும் டேப்லெட் எங்கள் அலுவலகத்திலேயே பழையது. ஒரு மூலை உடைந்து, முதுகில் டேப் ஒட்டியிருக்கும். நடுவில் புதிதாக ஒன்று கொடுத்தார்கள். அதை என் தலையில் கட்டிவிட்டுப் பழையதையே திரும்ப எடுத்துக்கொண்டார். கீழே பைப் ஃபிட்டர்களும் எலெக்ட்ரீஷியன்களும் வைத்திருப்பது இந்த ரகம்தான், நம் மேசையில் வேகமாகத் திறந்து யாருக்கு என்ன லாபம் என்பது அவர் கட்சி.

நாங்கள் இருப்பது ஒரு பெரிய மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில். எதிர் மேசையில் உட்கார்ந்து கடிதங்கள் எழுதுகிற ஆள் நான். கட்டடத்துக்குள் ஓடும் ஒயர், தண்ணீர்க் குழாய், ஆக்ஸிஜன் குழாய், லிஃப்ட், தீப்பிடித்தால் ஓடவேண்டிய வழி எல்லாவற்றுக்கும் கணினியில் வரைபடம் உண்டு. வரைகிறவர்கள் ஆறு பேர். அவர்கள் ஊதவைக்கிற ஃபைல்களை இளைக்கவைப்பவர் இவர். பணி ஆணையில் அப்படி ஒரு வேலையே கிடையாது. யாருக்கும் பொறுமை இல்லாததால் இவரிடம் வந்து சேர்ந்து, பதினொரு வருடமாக இவரிடமே தங்கிவிட்டது. கட்டடம் முழுக்க அவருக்கு ‘டயட் அக்கா’ என்று பெயர். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். ஆள் நல்ல கனம். அதைச் சொல்லி முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

ஒரு படம் ஏன் ஊதுகிறது என்று கேட்டுவிட்டால் போச்சு, நாற்காலியை நம் பக்கம் திருப்பிவிடுவார். "நாலு கோடு, ரெண்டு கட்டம். அதுக்கு எப்படி எரநூறு எம்பி வரும்? யாரோ எதையோ உள்ள வச்சுத் தச்சிருக்காங்க." போனில் எடுத்த போட்டோவை நகத்தளவு சுருக்கி ஒட்டுகிறார்கள், பார்க்கத்தான் நகம், கனம் முழு போட்டோவின் கனம். ஒரு மோட்டார் சின்னத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அழிக்கிறார்கள். படத்திலிருந்து போகுமே தவிர ஃபைலின் பையிலிருந்து போகாது. பழைய படத்தின்மேல் புதியதை வரைந்துவிட்டு, பழைய அடுக்கை மறைத்து மட்டும் வைக்கிறார்கள். இப்படி உள்ளே கிடப்பதை ஒவ்வொன்றாகத் துழாவி எடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு பரம திருப்தி தெரியும். அந்த நேரம் தேநீர் ஆறிப்போனாலும் கவனிக்கமாட்டார். நான்தான் மூடி வைக்கவேண்டும்.

ஜெனரேட்டர் படம் ஒன்றில் நாலு வரி அட்டவணை இருந்தது. அதை வேறொரு கணக்குத்தாளிலிருந்து எடுத்து ஒட்டிய புண்ணியவான், தாள் முழுவதும் கூடவே வந்துவிடும் என்று அறியாதவர். இவர் அதை இரண்டு முறை தட்டியதும் பின்னாலிருந்து ஒரு கல்யாணப் பட்டியல் விரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். சில பெயர்களுக்கு எதிரே ‘கூப்பிடாவிட்டாலும் வருவார்’ என்று குறிப்பு. வாய் திறக்காமல் அதை நீக்கிவிட்டு ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் புண்ணியவான் நான். என் மகள் கல்யாணம் அது. மூன்று மாதம் கழித்து, தனியாக இருந்தபோது, "சார், கல்யாணப் பட்டியல்ல என் பேருக்கு எதிர்ல எந்தக் குறிப்பும் இல்லையே, சந்தோஷம்" என்றார். அதோடு சரி, இன்றுவரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

வீட்டில் ஆள் நேர்மாறு. மாலையில் அழைத்துப்போக வரும் அவருடைய கணவர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், படியில் நின்றபடியே புலம்புவார். சமையலறையில் கதவு சாத்தமுடியாத அளவுக்கு டப்பாக்களாம். மூடி தொலைந்த டப்பா ஒரு பக்கம், டப்பா தொலைந்த மூடி இன்னொரு பக்கம். தூக்கிப் போடலாம் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் போடக்கூடாது என்று தடுத்துவிடுகிறாராம். பார்ப்பதற்கோ நேரம் கிடையாது. கல்லூரியில் படிக்கும் மகள், "அம்மா, உன் ஆபீஸ் ஃபைலா பொறந்திருந்தா நம்ம வீடு நல்லாருந்திருக்கும்" என்று சொன்னதை இவரே வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

பார்க்காமல் போடக்கூடாது என்பது சும்மா வந்த பிடிவாதம் இல்லை. வேலைக்கு வந்த முதல் வருடம், தப்பிக்கும் வழி வரைபடத்தை இளைக்கவைக்கக் கொடுத்தார்கள். மறைத்துவைத்த அடுக்கு ஒன்று இருந்தது. பழையதாக இருக்கும் என்று முடிவுகட்டி, திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டார். அதில்தான் பச்சை அம்புகள் அத்தனையும் இருந்தன. யாரோ வேறு எதையோ சரிபார்க்கும்போது மறைத்துவிட்டு, திரும்பக் காட்ட மறந்திருக்கிறார்கள். அம்பே இல்லாத படம் இருநூறு பிரதி அச்சாகி எல்லா மாடிகளிலும் தொங்கியது. பதினொரு நாள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இவர்தான் ஒரு வராந்தாவில் நின்று நிமிர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தார். யாரிடமும் மறைக்காமல் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். பிறகு மாடி மாடியாக ஏறி இருநூறையும் தன் கையாலேயே கழற்றினார். அந்தப் பதினொரு நாளில் தீப்பிடித்திருந்தால் என்று இன்றைக்கும் சில சமயம் பேச்சை நடுவில் நிறுத்திவிடுவார்.

அதிலிருந்து எதை நீக்கும் முன்பும் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவார். முக்கியமாக, ஓரம் வெட்டி ஒட்டிய போட்டோக்களை. வெட்டியவர் வெட்டிப்போட்டதாக நினைத்துக்கொள்கிறார். வெட்டுப்பட்ட பகுதி ஃபைலுக்குள் அப்படியே மறைந்து நிற்கிறது, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வெளியே வருகிறது. பாதிக் கனம் அங்கேதான். ஒட்டுமொத்தமாக நீக்க ஒரே ஒரு பொத்தான் உண்டு. இவர் அதை அழுத்தமாட்டார். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். யாருடைய கட்டைவிரலோ, செருப்போ, ஒரு தடவை மோட்டாருக்குப் பின்னால் வாய் பிளந்து தூங்கும் சூப்பர்வைசரோ கிடைப்பார்கள். பார்த்துவிட்டு நீக்குவார்.

போன மாதம் ஒரு காலை ஆக்ஸிஜன் குழாய் வரைபடம் வந்தது. முந்நூற்று நாற்பது எம்பி. ஆளில்லாமல் கிடக்கும் வடக்குக் கட்டடத்துக்குப் போகும் குழாயில் ஒரு இணைப்பை மாற்ற வேண்டும். அதற்கென்றே வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு அடித்தளத்தில் ஒரு வால்வை மூடவேண்டும், ஃபிட்டரின் டேப்லெட்டில் படம் திறக்கவில்லை. மணி ஒன்பதரை. இவர் உட்கார்ந்தார். சின்னங்கள் போயின, அடுக்குகள் போயின, பத்தேகாலுக்கு இருபத்தாறு போட்டோக்கள் மட்டும் பாக்கி. பத்தொன்பதாவது போட்டோவில் அந்த வால்வின் சிவப்புச் சக்கரம் மட்டும் தெரிந்தது. மேல் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

சக்கரத்துக்கு மேலே ஏறும் குழாய் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வடக்கே திரும்பியது. இன்னொன்று நேராக மேலே போனது. வால்வை மூடினால் இரண்டுமே அடைபடும். அதில் கம்பியால் கட்டிய ஒரு அட்டைத் துண்டு. யாரோ கையால் எழுதியிருந்தார்கள், ‘பச்சிளங் குழந்தைகள் வார்டு’ என்று. வரைபடத்தில் அந்த இரண்டாவது குழாயே இல்லை. அழகாக இருக்கட்டும் என்று வால்வை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டியிருக்கிறார்கள். படத்தில் இல்லாத வார்டுக்கு யார் தகவல் சொல்லியிருக்கப் போகிறார்கள்? நான் வார்டுக்குப் போன் போட்டேன். தங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றார் நர்ஸ். நான்கு குழந்தைகள் ஆக்ஸிஜனில் இருந்தன.

இவர் எஞ்சினியரைப் போனில் பிடித்தார். வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆன மனிதர், கெட்டவர் இல்லை. போட்டோ மூன்று வருடப் பழசு, அதற்குள் என்னென்னவோ மாற்றியிருப்பார்கள், வரைபடம் சரிபார்த்துக் கையெழுத்தானது, வந்த ஆட்களை இன்று விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவார்கள் என்று அடுக்கினார். கடைசியில், "நீங்க சைஸ மட்டும் பாருங்கம்மா" என்றார்.

"சைஸப் பாத்தப்பதான் சார் இது தெரிஞ்சது" என்றார் இவர். போனை வைத்துவிட்டு எழுந்தார்.

ஃபிட்டரின் போனுக்கு அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. லிஃப்ட் மேலேயே நின்றது. மூட்டுவலிக்காரர், கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டாகவே மூன்று மாடி இறங்கினார். நான் பின்னால். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தலை நரைத்த ஃபிட்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பத்து ஐம்பத்திரண்டு. இவருக்கு மூச்சு வாங்கியதில் விஷயத்தை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. ஃபிட்டர் நிமிர்ந்து பார்த்தார். வால்வுக்கு மேலே ஒரு முழம் குழாய், அதற்குமேல் வெள்ளைப் பலகை போட்ட ஃபால்ஸ் சீலிங். ஒன்றும் தெரியவில்லை. ஆர்டர் வந்தாயிற்று, தான் மூடாமல் நின்றால் பதில் சொல்ல வேண்டுமே என்று சங்கடப்பட்டார். பலகையைக் கழற்றிப் பார்க்கவும் எஞ்சினியர் சொல்லவேண்டும்.

"மூடாதீங்கண்ணா. பாத்துட்டு மூடுங்க." தோளில் இருந்த கைப்பையைக் கழற்றி, அந்தச் சிவப்புச் சக்கரத்தில் மாட்டினார். மாட்டிவிட்டு அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஃபிட்டருக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. பெண்பிள்ளையின் பையில் அவர் கை வைக்கமாட்டார் என்று இவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். நான் ஏணி எங்கே என்று தேடப் போனேன்.

பதினொன்று ஆகி ஆறு நிமிடத்தில் எஞ்சினியர் வந்தார். வார்டு நர்ஸும் அவருக்குப் போன் செய்திருக்கிறார். பையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், திட்ட வாயெடுத்தவர் என்ன நினைத்தாரோ, பலகையைக் கழற்றச் சொன்னார். ஃபிட்டர் ஏணியில் ஏறி ஸ்பானரால் பலகையை நெம்பினார். தூசி கொட்டியது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது கம்பி, அப்புறம் கறுத்துப்போன அட்டை. எழுத்து பாதி அழிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் குழாய் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

எஞ்சினியர் சட்டைப்பையிலிருந்த அனுமதித் தாளை எடுத்து, சுவரில் வைத்துக் குறுக்கே கோடு போட்டு, கையெழுத்திட்டார். "சாரிம்மா" என்றார், தாளைப் பார்த்தபடியே. இவர் கைப்பையைக் கழற்றப் போனார். வார் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது, ஃபிட்டர்தான் இறங்கி வந்து எடுத்துக் கொடுத்தார்.

மேலே போகலாம் என்றேன். அவர் வரவில்லை. வால்வுக்கு மேலே இருந்த அந்த ஒரு முழக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தைகளுக்குப் போகும் காற்று கேட்கிறதா என்பதுபோல் அதில் காதை வைத்தார். "அதுல ஒண்ணும் கேக்காதுக்கா" என்று ஃபிட்டர் ஆரம்பித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை உயர்த்தி, எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.