பத்தரைக்குப் பிறகு வந்த கார்கள்

பேர்ண் நகரத்தில் ஆட்கள் நன்றி சொல்வதற்கு "மெர்சி" என்பார்கள். டொச், அதாவது ஜெர்மன், பேசுகிற ஊர்தான். ஆனாலும் அந்த ஒரு சொல்லைப் பிரெஞ்சிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதனால் மேர்சி பிறந்த நாளிலிருந்து, கடையிலும் பஸ்ஸிலும் முன்பின் தெரியாதவர்கள் அவள் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. சின்ன வயதில் ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. உண்மையாகவே யாராவது கூப்பிட்டாலும் இரண்டாம் தரம்தான் திரும்புவாள்.

நகரத்தின் மேற்குப் பக்கமான பூம்ப்ளிஸில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. கால் மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி வந்தால் அன்றைக்குப் பார்ப்பதில்லை, வேறு நாள் தரப்படும் என்பது அங்கே விதி. அந்த விதியை வைத்தியர் போட்டார், மேர்சி சொன்னாள். எல்லோருக்கும் ஒரே முகத்தோடு சொன்னாள். வலியோடு வந்தவருக்கு வலி குறைக்கிற குளிசையும், வேறு நாளும் கொடுத்தாள். ஏன் பிந்தியது என்று கேட்டதே இல்லை. கேட்காமலே சொல்ல வெளிக்கிட்டவர்களைச் சொல்ல விட்டுவிட்டு, முடிந்ததும் வேறு நாளைக் கொடுத்தாள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, அப்பாவோடு வதிவிடப் பேர்மிற் புதுப்பிக்கிற அலுவலகத்துக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு டொச் வராது, அவளுக்கு வரும். ஆகவே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மொழிபெயர்க்கப் போனாள். வழியில் பஸ் மாறி ஏறிப் பிந்திவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் ஏன் பிந்தியது என்று கேட்டார். அப்பா ஒரு பெரிய கதையைத் தமிழில் சொன்னார். அதில் பஸ் வந்தது, மழை வந்தது, ஊரில் இருக்கிற அவருடைய தமையன்கூட வந்தார். ஏழு வயது மேர்சி அதை "பிழையான பஸ்" என்று மொழிபெயர்த்தாள். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்த ஒருவர் வடிவான டொச்சில் ஏதோ சொன்னார். அவரை உள்ளே விட்டார்கள். காரணம் கேட்கிற இடத்தில் கதைக்கத் தெரிந்தவன்தான் நேரத்துக்கு வந்தவன் என்பது அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

பூம்ப்ளிஸில் தமிழ்ப் பெற்றோர்கள் சேர்ந்து வருடா வருடம் பிள்ளைகளுக்கு ஒரு கார் ஓட்டப்போட்டி வைப்பார்கள். கையளவு மரக் கார்கள். பிள்ளைகள் வீட்டிலே மரத்தை அராவி, வர்ணம் பூசி, சில்லுப் பூட்டிக் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் சரிவாக ஒரு மரப்பாதை. அதில் நாலு தடம். மேலே இருந்து விட்டால் கீழே வந்து சேரும். அந்தப் பாதையைச் செய்தவர் லக்ஷ்மணன். தச்சுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், போட்டியையும் அவர்தான் நடத்தினார்.

போன முறை நடந்ததை ஒருவரும் மறக்கவில்லை. பத்தரைக்குத் தொடங்க வேண்டியது. வராத பிள்ளைகளுக்காக லக்ஷ்மணன் கொஞ்சம் பொறுத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பின்னேரம் ஆகும்போது நேரத்துக்கு வந்த சின்னப் பிள்ளைகள் பாய்களில் நித்திரையாகிவிட்டார்கள். தங்கள் மகனின் பள்ளித் தோழனோடு வந்திருந்த ஒரு சுவிஸ் குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, நாயையும் உலாத்தக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பி வந்தது. அப்போதும் போட்டி தொடங்கியிருக்கவில்லை.

ஆகவே இந்த முறை லக்ஷ்மணன் மேர்சியிடம் வந்தார். பதிவையும் புள்ளியையும் அவள் பார்க்க வேண்டும் என்றார். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் எந்தப் பக்கமும் சாய மாட்டாள் என்றும் சொன்னார். மேர்சி அதைப் பாராட்டாக எடுப்பதா என்று யோசித்துவிட்டு ஓம் என்றாள். ஒரு நிபந்தனை போட்டாள். போட்டி நடக்கிற அன்றைக்கு விதியை ஒருவரும் மாற்றக் கூடாது.

விதி இதுதான். ஒவ்வொரு காரும் தடத்துக்கு ஒரு தரமாக நாலு தரம் ஓடும். முதலாவதாக வந்தால் நாலு புள்ளி, கடைசி என்றால் ஒரு புள்ளி. பத்தரைக்குப் பதிவு முடியும், உடனே ஓட்டம் தொடங்கும். பிந்தி வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை, மிச்ச ஓட்டங்களில் ஓடலாம். தவறிய ஓட்டத்துக்குக் கடைசியாக வந்த கணக்கில் ஒரு புள்ளி. திருப்பி ஓட விடுவதில்லை. காரணம் கேட்பதில்லை. இதை வாட்ஸப்பில் தமிழிலும் டொச்சிலும் போட்டாள். எல்லோரும் கட்டை விரலைக் காட்டினார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பத்தரைக்குப் பதிவை முடித்தாள். மண்டபம் அரைவாசிதான் நிரம்பியிருந்தது. லக்ஷ்மணன் வாசலைப் பார்த்தார், மேர்சியைப் பார்த்தார், பிறகு போய்க் கார்களை விட்டார்.

முதல் ஓட்டம் எல்லோருக்கும் முடிகிற நேரத்தில் இரண்டு குடும்பங்கள் வந்தன. முதலில் வந்தவன் கிஷோபன். காப்புறுதி விற்கிறவன், இங்கேயே பிறந்தவன், பக்கத்து நகரமான சோலோதுர்னில் வீடு. மகன் ஆருஷின் கையில் சிவப்புக் கார் இருந்தது. வாசலிலிருந்து மேசைக்கு வருவதற்குள் கிஷோபன் தொடங்கிவிட்டான். சோலோதுர்னிலிருந்து வந்த ரெயில் நடுவழியில் நின்றுவிட்டதாம். சிக்னல் பிழையாம். சனம் எல்லாம் கோபப்பட்டதாம். இதைத் தமிழில் ஒரு தரமும், பக்கத்திலிருந்த ஒரு சுவிஸ் தாய்க்கு பேர்ண் டொச்சில் ஒரு தரமும் சொன்னான். டொச்சில் இன்னும் நன்றாக இருந்தது. சுவிஸ் தாய் தலையை ஆட்டி வருத்தப்பட்டாள்.

அவனுக்குப் பின்னால் தயாபரன் வந்தார். அவரும் சோலோதுர்ன்தான். வந்து ஏழெட்டு வருடம், ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. மகள் யதுஷாவுக்கு ஒன்பது வயது. காரை மஃப்ளரில் சுற்றி வைத்திருந்தாள்.

"பிந்திப்போச்சு தங்கச்சி," என்றார் தயாபரன். வேறொன்றும் சொல்லவில்லை.

மேர்சி இரண்டு பிள்ளைகளின் பேரையும் எழுதி, இரண்டு பேருக்கும் முதல் ஓட்டத்துக்கு ஒவ்வொரு புள்ளி போட்டாள். கிஷோபனுக்கு அது பிடிக்கவில்லை. ரெயில் நின்றதற்கு ஆருஷ் என்ன செய்வான் என்று கேட்டான். அது நியாயமான கேள்வி என்று பலருக்குப் பட்டது. கூட்டம் மேசையைச் சுற்றியது. முதல் ஓட்டத்தை எல்லோருக்கும் திருப்பி ஓடலாம் என்றார் ஒருவர். முதல் ஓட்டத்தில் வென்ற பிள்ளைகளின் தாய்மார் அதை ஏற்கவில்லை. காரணம் நல்லதென்றால் விடலாம், இல்லாவிட்டால் விடக் கூடாது என்றார் இன்னொருவர். காரணம் நல்லதா என்று யார் சொல்வது என்பதற்கு ஒரு குழு அமைக்கலாம் என்றார்கள். மேர்சி இரண்டாம் ஓட்டத்துக்கான பேர்களை வாசிக்கத் தொடங்கினாள்.

இரண்டாம் ஓட்டத்தில் யதுஷாவின் கார் முதலாவதாக வந்தது. அது பச்சை நிறம், அழகென்று சொல்ல முடியாது, ஆனால் ஓடியது. ஆருஷின் சிவப்புக் கார் அழகாக இருந்தது, மூன்றாவதாக வந்தது. அதே ஓட்டத்தில் நேரத்துக்கு முன்னமே வந்திருந்த மிதுன் என்ற பெடியனின் கார், பக்கத்துத் தடத்துக் கார் இடித்துக் கீழே விழுந்தது. விதிப்படி ஒரு புள்ளி. மிதுன் சுவரோரம் கிடந்த நீள மர வாங்கிலுக்குக் கீழே போய் இருந்து அழுதான். அவனுக்காக ஒருவரும் குழு அமைக்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் வந்து ஒலிவாங்கியைக் கேட்டார். சோலோதுர்ன் இலக்கத்தகடு போட்ட ஒரு சாம்பல் நிறக் கார் தீயணைப்பு வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது, உடனே எடுக்கவும் என்றார். இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். சனம் ஒருவரையொருவர் பார்த்தது. கிஷோபன் எழும்பிப் போனான். திரும்பி வந்தவன் சிக்னலைப் பற்றி அதற்கு மேல் கதைக்கவில்லை.

மூன்றாம் ஓட்டத்துக்கு முன்னால் யதுஷா தன் காரின் சில்லை இறுக்குவதற்கு மேர்சியிடம் திருப்புளி கேட்டு வந்தாள். இறுக்கிக்கொண்டே, ரெயில் நின்ற இடத்தில் மாடுகள் நின்றதாகவும், யன்னல் விளிம்பில் காரை உருட்டிப் பார்த்ததாகவும், ரெயில் அசையாதபோது கார் நன்றாக ஓடியதாகவும் சொன்னாள். ரெயில் உண்மையாகவே நின்றிருக்கிறது. கிஷோபன் அதைக் கைபேசியில் பார்த்திருக்க வேண்டும்.

இதைப் பக்கத்தில் நின்ற லக்ஷ்மணன் கேட்டுக்கொண்டிருந்தார். மேர்சியை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

"இப்ப உண்மை தெரிஞ்சுபோச்சுத்தானே. அந்தப் பிள்ளைக்கு மட்டும் முதல் ஓட்டத்தைத் திருப்பி விடுவம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

"அந்தக் கார் வேற இடத்தில நிண்டிருந்தா, அண்ணை?" என்றாள் மேர்சி. "கிஷோபனைத்தான் நம்பியிருப்பியள். தயாபரன் அண்ணை வாயே திறக்கேல்லை."

"அதுதான் நிண்டுபோச்சே."

"பிந்தினது ரெண்டு அப்பாமார். ஓடுறது ரெண்டு பிள்ளையள். ஆருஷ் காரை ஓட்டிக்கொண்டு வரேல்லை."

லக்ஷ்மணன், நீ கல் மனசுக்காரி என்று சொல்ல நினைத்தவர் போல இருந்தார். சொல்லாமல் போய்க் கார்களை விட்டார்.

யதுஷா மிச்ச இரண்டு ஓட்டங்களிலும் முதலாவதாக வந்தாள். கூட்டிப் பார்த்தால் பதின்மூன்று. மூன்றாம் இடத்துக்குப் பதினான்கு. மேர்சி முடிவை வாசித்தபோது கை தட்டல் குறைவாக இருந்தது. சில தாய்மார் அவளைப் பார்க்காமல் பைகளைக் கட்டினார்கள். தயாபரன் மட்டும் வந்து, நல்லா நடத்தினீங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது மேர்சிக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

யதுஷா போகவில்லை. தான் ஓடாத அந்த முதல் ஓட்டத்தை ஓடிப் பார்க்கலாமா, புள்ளி வேண்டாம் என்று கேட்டாள். மேர்சி யோசித்துவிட்டு, புள்ளி இல்லையென்றால் விதியும் இல்லை என்றாள். ஆருஷ் தானும் வருகிறேன் என்று சிவப்புக் காரோடு வந்தான். மிதுன் வாங்கிலுக்குக் கீழே இருந்து வெளியே வந்தான். லக்ஷ்மணன் கார்களை விட்டார். யதுஷாவின் கார் பாதி வழியில் தடத்தை விட்டுப் பாய்ந்து தரையில் விழுந்து ஒரு சில்லைக் கழற்றிக்கொண்டது. மிதுன் வென்றான். இதிலிருந்து ஒருவரும் எந்த முடிவுக்கும் வரவில்லை. பிள்ளைகள் சில்லைத் தேடப் போனார்கள்.

மேர்சி வீட்டுக்கு வந்தாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சரியாகச் செய்தால் மனம் லேசாக இருக்கும் என்றுதான் ஞாயிற்றுப் பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கணவர் என்ன நடந்தது என்று கேட்டார். கார் ஓடியது என்றாள்.

ஒரு கிழமை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். யதுஷாவின் முகத்தை விட, வாங்கிலுக்குக் கீழே இருந்த மிதுனின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவன் நேரத்துக்கு வந்தவன். அவனுக்கும் ஒரு ஓட்டம் போனது. யதுஷாவுக்கும் ஒரு ஓட்டம் போனது. இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் வேலையில், வாயைத் திறந்துகொண்டு காத்திருந்த ஒரு நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பும்போது ஒரு வழி மனதில் பட்டது. லக்ஷ்மணனுக்குக் கைபேசியில் எடுத்தாள்.

"அண்ணை, இனிமேல் நாலு ஓட்டத்திலயும் ஆகக் குறைஞ்ச புள்ளியை எல்லாருக்கும் விட்டிடுவம். மூண்டைத்தான் கூட்டுறது. பிந்தி வந்தவைக்குப் பிந்தின ஓட்டம் போகட்டும், விழுந்தவைக்கு விழுந்த ஓட்டம் போகட்டும். ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை."

லக்ஷ்மணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படியென்றால் இந்த வருடம் யதுஷாவும் முதல் இடத்தில் நின்றிருப்பாள் என்றார். ஓம் என்றாள் மேர்சி. இந்த வருடம் முடிந்துவிட்டது என்றும் சொன்னாள்.

அடுத்த வருடம் விதியை வாட்ஸப்பில் போட்டார்கள். இந்த முறை எல்லோரும் வாசித்தார்கள். ஒரு ஓட்டம் போனால் பரவாயில்லை என்று விளங்கிக்கொண்டு, அரைவாசிப் பேர் ஒரு ஓட்டம் பிந்தி வந்தார்கள். லக்ஷ்மணன் தலையில் கை வைத்தார். மேர்சி வழக்கமான முகத்தோடு பேர்களை எழுதினாள். விடுகிற ஓட்டத்தைப் பிந்தி வந்தே செலவழித்துவிட்டதால், அவர்களுடைய மிச்ச ஓட்டம் ஒவ்வொன்றும் கணக்கில் சேர்ந்தது. நேரத்துக்கு வந்த பிள்ளைகளுக்கோ, ஒரு கார் விழுந்தாலும் கவலையில்லை. மூன்று இடங்களும் அவர்களுக்கே போயின. ஒன்று யதுஷாவுக்கு, இரண்டாம் இடம். மிதுனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அவன் அழவும் இல்லை. தோற்ற அப்பாமார் வீட்டுக்குப் போகிற வழியில் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வருடம் மேர்சி மண்டபத்துக்கு வந்தபோது பூட்டிய கதவுக்கு முன்னால் கிஷோபனும் ஆருஷும் நின்றார்கள். பராமரிப்பாளர் இன்னும் வரவில்லை. எட்டு மணியிலிருந்து நிற்கிறோம், கதவு திறக்கப் பிந்தினால் எப்படிப் போட்டி நடத்துவது என்று கிஷோபன் குறைப்பட்டான். அவன் சொன்னது சரிதான். மேர்சி ஓம் என்றாள். கதவு திறந்ததும் அவனைக் கதிரை அடுக்க விட்டாள்.