ஊதாக் கண் வைத்த பிஸ்கட்

சில வருடங்களுக்கு முன், மே மாத விடுமுறையில் நடந்தது இது. திருப்புல்லாணியிலிருந்து கடல் பக்கமாகப் போனால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. எல்லா வீட்டுக்கும் மிளகாய் விவசாயம்தான். எங்களுக்கும் உண்டு. அதோடு கூட, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நான் பிஸ்கட் சுடப் பழகியிருந்தேன். "இத வச்சுச் சுவத்துல ஆணி அடிக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நல்ல வேளை, தெருப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நாக்கு நீளமில்லை. எதைக் கொடுத்தாலும் தின்பார்கள்.

லீவில் சும்மா திரிகிற அந்தக் கூட்டத்தைக் கூட்டி வைத்து, பிஸ்கட்டில் முகம் வரையச் சொல்லித் தருகிறேன் என்று நானாகத்தான் வலிய இழுத்துக்கொண்டேன். வட்ட வட்டமாகச் சுட்டு, சர்க்கரைப் பொடியில் பால் விட்டுக் குழைத்த வெள்ளைப் பூச்சும் தயார் செய்தேன். கண்ணும் வாயும் வைக்க டவுனில் கலர் மிட்டாய் வாங்கி வந்திருந்தேன். அதைப் பாதி முகம் முடிவதற்குள் பிள்ளைகள் வாயில் போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

"அவங்கவங்க வீட்டுல என்ன கெடக்கோ எடுத்துட்டு வாங்க" என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டேன்!

ஓடிப் போய் வந்தார்கள். பொட்டுக்கடலை, சீரக மிட்டாய், உலர்ந்த திராட்சை என்று ஆளுக்கொன்று. கடைசி வீட்டுப் பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு முடித்தவள், காகிதத்தில் எதையோ மடித்துக் கொண்டுவந்தாள். நான் அப்போது சீரக மிட்டாய்க்கு அடித்துக்கொண்ட இரண்டு பேரை விலக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, தட்டில் நாலைந்து முகங்களுக்கு ஊதா நிறத்தில் அழகான கண்கள் வந்திருந்தன. "அட, நல்லாருக்கே!" என்று பாராட்டக்கூடச் செய்தேன். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

எங்கள் ஊர் உப்புக்காற்றில் சர்க்கரைப் பூச்சு சீக்கிரம் காயாது. பிசுபிசுவென்று அப்படியே இருந்தது. காயும்வரை யாரும் தொடக்கூடாது, எல்லோரும் சேர்ந்துதான் தின்ன வேண்டும் என்று சொல்லி அவர்களை வெளியே விரட்டினேன். தட்டுகளைக் கூடத்துத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே சாய்ந்தேன். கரண்ட் இல்லை. புழுதிக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருந்தேன். கண் அசந்துவிட்டது.

ஏதோ சத்தம் கேட்டு விழிப்பது உண்டு. அன்று சத்தம் இல்லாததால் விழித்தேன். பிள்ளைகளின் கூச்சல் நின்றிருந்தது. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. நடுப்பகல் உச்சி உருமத்தில் தனியாக இருக்கக்கூடாது, காத்துக் கருப்பு நடமாடும் என்று ஊரில் சொல்வதை நான் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் எழுந்து உட்கார்ந்ததும் கை முடி சிலிர்த்தது.

தட்டுகளில் அத்தனை முகங்களும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவை அசைந்தன.

எறும்பு. வாசல் இடுக்கு வழியாக வந்து கண், வாய் எல்லாம் மொய்த்திருந்தது. மங்கலான வெளிச்சத்தில் அந்த முகங்கள் கண்ணைச் சிமிட்டுவது போலவும் வாய்க்குள் முணுமுணுப்பது போலவும் இருந்தது. எதற்குப் பயந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஊதாக் கண் வைத்த முகங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தன. பரவாயில்லை, இதுவாவது தப்பித்ததே என்று ஒன்றை எடுத்தேன். விரலில் பூச்சு ஒட்டியது. நக்குவதற்காக விரலை வாய்வரை கொண்டுபோயிருப்பேன், அதற்குள் தட்டு கண்ணில் பட்டது.

தட்டில் அந்த பிஸ்கட் இருந்த இடத்தைச் சுற்றி எறும்புகள் சுருண்டு செத்துக் கிடந்தன. வரிசையாக வந்த மற்ற எறும்புகள் அந்த இடத்துக்கு வந்ததும் விலகிச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு ஈ கால்களை மேலே தூக்கியபடி செத்துக் கிடந்தது.

என்னவென்று உடனே புரியவில்லை. தட்டில் ஏதோ இருக்கிறது, அது என்னைப் பார்க்கிறது என்றுதான் தோன்றியது. ஊதாக் கண்ணில் ஒரு மணியை எடுத்து நகத்தால் சுரண்டினேன். மிட்டாயாக இருந்தால் பொடிந்து கரைந்திருக்கும். ஊதாச் சாயம் போய் உள்ளே மணல் தெரிந்தது.

மிளகாய்ச் செடிக்கு வேரில் போடுகிற குருணை மருந்து. பூச்சி மருந்திலேயே கொடியது. வருடா வருடம் என் கண்ணால் பார்க்கிற பொருள். வயலில் கிடந்தால் தூரத்திலேயே சொல்லியிருப்பேன். பிஸ்கட்டில் பார்த்தபோது எனக்கும் மிட்டாயாகத்தான் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் தட்டின் ஓரத்தைக் கவனித்தேன். ஒரு பிஸ்கட் இருந்த வட்டம் காலியாக இருந்தது. வட்டத்துக்குள் ஊதா மணிகள் சிந்தியிருந்தன.

வெளியே ஓடினேன். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் படுத்துக் கிடந்தார்கள். ஒரு நொடி என் உயிர் என்னிடம் இல்லை. வெயில் தாங்காமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். உலுக்கி எழுப்பினேன்.

"ஏலே, யாரு பிஸ்கட்ட எடுத்தது? தின்னீங்களாடா?"

"நாங்க தொடவே இல்ல அத்த. கடைசி வீட்டுக்காரிதான் தம்பிக்கு ஊட்டிட்டு வாரேன்னு எடுத்துட்டுப் போனா."

அந்தத் தம்பிக்கு ஒன்றரை வயது. அம்மாவும் அய்யாவும் மிளகாய்ப் பழம் எடுக்கப் போய்விட்டால் அக்காக்காரிதான் பார்த்துக்கொள்வாள். செருப்பில்லாமல் கொதிக்கிற மண்ணில் ஓடினேன். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தேன். தொட்டில் காலி.

கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய விசும்பல் கேட்டது. மூலையில் அவள் தம்பியை மடியில் இருத்தி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த அவன், முகத்தை அவள் தோளில் புதைத்திருந்தான். அவள் கையில் அந்த பிஸ்கட். அதற்கு ஒரு கண்தான் இருந்தது.

"இவன் திங்கவே மாட்டேங்கிறான் அத்த. கண்ணப் பாத்துப் பயந்து கத்துறான். அதான் கண்ண எடுத்துட்டுக் குடுக்கப் போறேன்" என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்த கண்ணை நகத்தால் தோண்டினாள். மணிகள் போனாலும் மருந்து அந்த ஈரப் பூச்சில் ஊறித்தானே இருக்கும்.

தட்டிவிட்டேன். என் கையோடு அவர்கள் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு பேர் வாயையும் திறந்து பார்த்து, ஆட்டோவில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மற்ற பிள்ளைகளையும் என் வீட்டுக்காரர் பின்னாலேயே அள்ளிக்கொண்டு வந்தார். டாக்டர்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, அந்த இருவரை மட்டும் மறுநாள்வரை வைத்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வயலிலிருந்து வந்த கோலத்திலேயே அவர்கள் அம்மா ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மீந்த மருந்தை ஒரு சத்துமாவு பாட்டிலில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறாள். அவளாகத்தான் சொன்னாள்.

"வெளிய வச்சா கோழி கொத்திரும்னுதான் மதினி வீட்டுக்குள்ள வச்சேன்."

அவளை என்னவென்று திட்டுவது? வீட்டில் இருப்பதை எடுத்து வரச் சொன்னவள் நான்.

ஊரில் எல்லோரும் என்னிடம், தெய்வம் மாதிரி வந்து காப்பாற்றினாய் என்றார்கள். எனக்குத் தெரியும், காப்பாற்றியது நான் இல்லை. பேச்சு வராத அந்தப் பையனின் பயம்தான். இன்றும் சில ராத்திரி தூக்கம் பிடிக்காமல் யோசிப்பேன். அவன் அந்த முகத்தைப் பார்த்து வீறிட்டபோது நான் பக்கத்தில் இருந்திருந்தால், மடியில் வாங்கி, கண்ணீரைத் துடைத்து, "பயப்படாத ராசா, பிஸ்கட்டுதான்" என்று கொஞ்சிக் கொஞ்சி முழுசையும் ஊட்டிவிட்டிருப்பேன். அன்றிலிருந்து எந்தப் பிள்ளை மிரண்டு அழுதாலும் பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அது பார்த்த பக்கம் நானும் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறேன்.