வானத்தைச் சூடாக்கியவனின் அம்மா

நாகலக்ஷ்மி மாமிக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது என்று வண்ணார்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுக்குள் வந்த சாரைப்பாம்பை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே போய் வாய்க்காலில் விட்டவர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். பஸ் கண்டக்டர்கள்கூட அவரிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். ஆனால் வானம் லேசாக உறுமினால் போதும், 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவர் புருஷன் அனந்தநாராயணன் ஆற்றில் குளித்துவிட்டுப் படியேறும்போது இடி விழுந்து செத்தவர். அப்போது மகன் ஜெயராமுக்கு எட்டு வயது.

அந்த ஜெயராம் படித்துப் படித்து நார்வே தேசத்துக்குப் போய்ச் சேர்ந்தான். ஞாயிறுதோறும் நாலு மணிக்கு என் டெலிபோன் பூத்துக்குப் பேசுவான். மாமி மூன்றரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். பூத்துக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. என்ன பிரயோசனம், மாமி பேசினால் தெருமுனை வரை கேட்கும். ஒட்டுக்கேட்டான் பீர் முகம்மது என்று என்னை யாரும் சொல்ல வேண்டாம்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் புரட்டாசியில் ஒரு ஞாயிறு, "நீ அங்க என்னதான்டா வேலை பார்க்கறே?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போய் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"பாய், இவன் ஆகாசத்தைச் சூடு பண்றானாம்!"

ஜெயராம் எனக்குப் பொறுமையாகத்தான் சொன்னான். துருவத்துப் பக்கம் வானத்தில் பச்சை வெளிச்சம் திரைபோல ஆடுமாம். அங்கே இயற்கையாகவே மின்சாரம் ஓடுகிறதாம். தரையிலிருந்து பலமான ரேடியோ அலையை அனுப்பி அந்த இடத்தைச் சூடாக்குவார்கள், நிறுத்துவார்கள், மறுபடியும் சூடாக்குவார்கள். ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவைகூட. அதற்கேற்ப மேலே ஓடும் மின்சாரமும் கூடிக் குறையும். தரையில் எவனாலும் கட்ட முடியாத அவ்வளவு நீள ஏரியலாக வானமே மாறி, நீள நீளமான அலையைக் கிளப்பும். அந்த அலை கடல் தண்ணீருக்குள்ளேயும் போகுமாம்.

"மழை மேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல பாய். இது நூறு கிலோமீட்டர் உசரத்துல நடக்கறது. அம்மாகிட்ட நீங்களாவது சொல்லுங்கோ."

சொன்னேன். மாமி என்னையே பார்த்தார். "பாலைச் சூடு பண்ணினா பொங்கும். ஆகாசம் பொங்கினா யாரு தாங்குவா? அவன் அப்பாவைக் கொண்டுபோன ஆகாசம் பாய் அது. அதைப் போய் சீண்டறான்."

"கூறுகெட்ட பேச்சு பேசாதீய மாமி" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது, விடவில்லை. ஒரு நாள் காலையில் மாமி தொப்பலாக நனைந்து பூத்துக்கு வந்தார். "ஆகாசம் பொங்கிடுத்து பாய், இனிமே அவன் அங்க இருக்க வேண்டாம். அவனுக்குப் போன் போடுங்கோ. அம்மாவுக்கு சீரியஸ், உடனே புறப்பட்டு வான்னு சொல்லுங்கோ."

இது நம்மூர் பழக்கம்தான். பெண் பார்க்கவும் பிள்ளையை மடக்கவும் எத்தனை 'அம்மா சீரியஸ்' என் பூத்திலிருந்தே போயிருக்கிறது! மாட்டேன் என்றேன். மாமி அழுதார். பாம்பைத் தள்ளிய மனுஷி அழுததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. போன் போட்டேன். சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

என் வீட்டுக்காரி ஆசியா உம்மாள் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்க பிள்ளைய பொய் சொல்லி வரச்சொல்லுதியளே, வெளங்குமா?"

நாலாம் நாள் சாயங்காலம் ஜெயராம் மெட்ராஸிலிருந்து பேசினான். "ரயில் ஏறப்போறேன் பாய். அம்மா இருக்காளா?" இருக்கிறார் என்றேன். உடனே லைன் செத்துவிட்டது.

மறுநாள் விடிந்தபோது தாமிரபரணியைக் காணோம், கடல்தான் கிடந்தது. ஆடு போயிற்று, கதவு போயிற்று, வைக்கோல் படப்பு அப்படியே மிதந்து போயிற்று. பாலத்தில் போலீஸ் கயிறு கட்டிவிட்டது. ரயில் வந்து நிற்கிற ஜங்ஷன் அக்கரையில்.

மாமி பாலத்து முனையில் வந்து நின்றார். "ரயிலு கங்கைகொண்டானைத் தாண்டலையாம் வே" என்றார் ஒருவர். "தாண்டவாவது! தண்டவாளமே போயிட்டுங்காவ. பொட்டி பொட்டியா உருண்டு கெடக்காம்" என்றான் இன்னொருவன். அவனை அடிக்கப் போனேன். அடித்து என்ன? அந்தப் பொய் என் வாயில் வந்த பொய்.

"பத்திரமா இருந்தான் பாய்," மாமி ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார். "வெள்ளம் இல்லாத ஊர்ல, எங்கேயோ வடக்கே, பத்திரமா இருந்தான். நான்னா கூப்பிட்டேன்? இழுத்துண்டு வந்து வெள்ளத்துல விட்டுட்டேனே!"

வீட்டுக்கு வரச்சொன்னால் வரவில்லை. ஆசியா கொண்டுவந்த கஞ்சியையும் தொடவில்லை. இடி இடித்தது. மாமி அர்ஜுனனைக் கூப்பிடவுமில்லை, ஒதுங்கவுமில்லை. அன்று முழுக்க அங்கேதான். மறுநாள் விடியும்போது உடம்பு அனலாகக் கொதித்தது.

மத்தியானம் கயிற்றை அவிழ்த்தார்கள். முதலில் வந்த கூட்டத்தில் முழங்கால் வரை சேறும் கையில் ஒற்றைச் செருப்புமாக ஜெயராம் வந்தான். கங்கைகொண்டானிலிருந்து தண்டவாளத்தைப் பிடித்தே நடந்திருக்கிறான். அம்மா நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"சீரியஸ்னேளே பாய்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார் மாமி. அவன் கோபமாக அவர் கையைப் பிடித்தான். பிடித்த கையில் சூடு உறைத்திருக்க வேண்டும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டான்.

மாமி அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "திரும்பிப் போயிடுடா. ரயில் விட்டதும் போயிடு. நீ அங்கேயே இரு. ஆகாசத்தை எவ்வளவு வேணா சூடு பண்ணிக்கோ."

சொன்னாரே ஒழிய, பிடித்த சட்டையை வீடு வரைக்கும் விடவில்லை.