மெஷின்களுக்கு ஒரு பெரட்டு

அந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் வருஷம் எனக்கு இரண்டு கைகள் போதவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், சிரம்பானுக்கு வெளியே, ரப்பர் மரங்களை அழித்துச் சமப்படுத்திய செம்மண் மேட்டில், வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்றின் சிப் தொழிற்சாலை. ரப்பர்பால் வாசனை போய் ஏர்கோன் வாசனை வந்த மண். அங்கே நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். அம்மா பால்மரம் சீவும் எஸ்டேட்டுக்குப் போனபோது அவள் கேட்டாள்:

"கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

"இல்லம்மா. அது என்ன செய்யணும்னு நாமதான் எழுதிக் குடுக்கணும்."

"அப்ப வேல வாங்குற மண்டோருன்னு சொல்லு லா!"

எங்கள் மாடி அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கீழே, இருபத்து நான்கு சோதனை மெஷின்கள். ஒவ்வொன்றும் சிப்புகளைச் சோதித்து, எத்தனை தேறின என்பதை நடுவிலிருந்த கம்ப்யூட்டருக்கு ஒரே கம்பியில் சொல்லவேண்டும். தலைமை அலுவலகம் அனுப்பியிருந்த புரோகிராமில் எந்த மெஷின் முடித்தாலும் அந்தக் கணமே கத்தும். இரண்டு சேர்ந்து கத்தினால் இரண்டும் காற்றோடு போகும். போனதையெல்லாம் ஆப்பரேட்டர் பெண்கள் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"புதுசு நாங்களே எழுதுகிறோம்" என்று எங்கள் சீன மேனேஜர் வாக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் என்றால் மூன்று பேர். வெளிநாட்டிலிருந்து இருவர் வந்து பார்ப்பார்கள். புரோகிராம் ஓடினால் இனி இங்கேயே எழுதலாம். ஓடாவிட்டால் எல்லாம் அங்கிருந்தே வரும். எங்கள் மூன்று மேசைகளையும் எடுத்துவிடுவார்கள்.

ஒரு காலை, தொழிற்சாலை பஸ்ஸில், பனி படிந்த கண்ணாடியைக் கையால் துடைத்தபோது அது வந்தது. பெரட்டு! விடியுமுன் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஆள் கணக்கெடுக்கும் வரிசை. ஆபீஸ் கணக்கர் கிராணி பேர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் மட்டும் குரல் கொடுப்பார், மற்ற அத்தனை வாயும் மூடியிருக்கும். முந்நூறு பேர், ஒரு குரல்கூட இன்னொன்றின்மேல் விழாது. நடுக் கம்ப்யூட்டர்தான் கிராணி! மெஷின்கள் வாளியோடு நிற்கும் சனம்! கத்தவேண்டாம், காத்திருங்கள், நானே கூப்பிடுகிறேன். பஸ்ஸிலேயே டிக்கெட் அளவு காகிதத்தில் கிறுக்கினேன். எழுத்து தாளைத் தாண்டி முழங்காலில் போனது. பசி போனது, ஞாயிறு போனது, பச்சை எழுத்துகள் திரையில் மழைபோல இறங்கின.

வெளிநாட்டார் வருவதற்கு மூன்று நாள் முன்பு ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று... சொல்லி வைத்ததுபோலப் பதில் வந்தது. ஏழாம் மெஷின் மட்டும் பேசவில்லை. அது எல்லாவற்றிலும் பழசு; வாய் திறக்கவே அதற்குக் கொஞ்ச நேரமாகும். புரோகிராம் "வரவில்லை" என்று போட்டது. அதற்குப் பிறகு ஷிப்டு முழுக்க அதைக் கூப்பிடவே இல்லை. பக்கத்தில் சிவப்பு விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தது.

ஏழாம் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண், ஆறு மாதம் முன்புவரை லாபு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பால்மரம் சீவியவள். நான் கீழே போனதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"யாரு சார் இத எழுதினது?"

"நான்தான்."

"நெனச்சேன். எஸ்டேட்டு ஆளுதானே? லேட்டா வந்தா வீட்டுக்கு வெரட்டிவிடுற அதே புத்தி. என் மெஷினு கெழவிண்ணே. எந்திரிச்சி வர வேணாமா?"

பக்கத்து மெஷின்காரி விடவில்லை: "தொர வந்துட்டாரு டோய், ஓரமா நில்லுங்க!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், ஆனால் முகம் சுட்டது. எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு காலையில் அம்மா தாமதமாகப் போய், பேர் விழாமல், வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். கூப்பிட்டபோது இல்லையென்றால் இல்லைதான் என்பது எனக்குள் அப்படியே உறைந்து கிடந்திருக்கிறது. யோசிக்காமலே எழுதிவிட்டிருக்கிறேன்.

மாற்றவேண்டும் என்றேன். மேனேஜர் பதறினார். கடைசி நேரத்தில் கைவைக்காதே, அந்த மெஷினை அன்றைக்கு அணைத்துவிடு, இருபத்து மூன்று போதும் என்றார். முடியாது என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, மாற்ற முடியுமா என்று மலாயில் கேட்டார்.

"போலே?"

"போலே லா!"

எவ்வளவு தைரியம்! இரண்டு நாள்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், வராதவர்களை மறுபடி கூப்பிடு. அடுத்த சுற்றிலும் கூப்பிடு. எந்தப் பேரையும் அடிக்காதே. எந்தப் பெரட்டுக் களத்திலும் நான் காணாத கிராணியை எழுதினேன். எழுதும்போது உள்ளங்கால்கள் தரையில் நிற்கவில்லை.

அன்று காலை பத்து மணி. வெளிநாட்டார் இருவரும் திரை முன்னால். ஆறு வந்தது. ஏழு மௌனம். சுற்று முடிந்தது, மறுபடி கூப்பிட்டது, ஏழு பதில் சொன்னது! இருபத்து நான்கு!

அப்போது அவர்களில் உயரமானவர் கீழே இறங்கிப்போய், பதினைந்தாம் மெஷினின் கம்பியைப் பிடுங்கினார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் பதினைந்து "வரவில்லை". மற்றவை நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. கம்பியைத் திரும்பச் செருகினார். அடுத்த கூப்பாட்டில் பதினைந்து வந்துவிட்டது. அவர் இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் திரும்பியது. பிறகு இரண்டு கையாலும் இரண்டு.

"என்னண்ணே, வெள்ளக்காரன் வெளயாடுறான்?" என்று இன்டர்காமில் என்னைக் கேட்டாள் ஏழாம் மெஷின்காரி.

மேலே வந்தவர் கேட்டார்: போனதை ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது? வரலாம் என்பதால், என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: அடுத்து எதை எழுதப் போகிறீர்கள்?

மேனேஜர், இன்னும் இரண்டு மேசை போடுவோம் என்று என் தோளில் ஓங்கி அடித்தார். நல்ல வலி. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

"மேச இருக்கா, போச்சா?" என்றாள் ஏழாம் மெஷின்காரி.

"இருக்கு! இன்னும் ரெண்டு போடப் போறாங்களாம்!"

"அதுல ஒண்ணு எனக்குப் போடச் சொல்லுங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, ஏழாம் மெஷினின் சிப் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதிலுக்காகக் காத்து நின்றாள். நான் திரும்பி மாடியேறினேன், மேனேஜரைக் கேட்க.