அக்காவின் முழுக்கு

எங்கள் சபைக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு குறை உண்டு. பிறந்ததற்காக எதுவுமே கிடைக்காது. பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்தில் இருந்த அம்மாவின் உறவுக்காரக் குழந்தைகளுக்கு மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, சீர் செய்தார்கள். மரக்காணம் கடைத்தெருவில் இருந்த கத்தோலிக்கக் குடும்பத்துக் குழந்தை, தலை நிற்பதற்கு முன்பே லேஸ் வைத்த கவுன் போட்டுக்கொண்டு, தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் வாங்கி, தெருவுக்கே கேக் கொடுத்துவிட்டது. நாங்களோ பாப்டிஸ்டுகள். எங்கள் பாஸ்டர் பிறந்த குழந்தையைக் கையில் வாங்கி ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, அதன் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. தானே அறிந்து, தானே நம்பி, அதைச் சபைக்கு முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். சபையார் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும். பிறகு தெளிப்பதும் இல்லை, ஊற்றுவதும் இல்லை. ஆளை முழுசாகத் தண்ணீருக்குள் முக்கி எடுக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பாடலாம், காணிக்கை போடலாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இயேசுவின் நினைவாகப் பகிர்ந்துகொள்ளும் இராப்போஜன ரொட்டித் தட்டு வரும்போது மட்டும் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதிமூன்று. அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பாயிலிருந்து எழுந்து, தான் விசுவாசிப்பதாகச் சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கே முன்வரிசையில் இருந்த அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. உடனே நானும் எழுந்து, "நானும் விசுவாசிக்கிறேன்" என்றேன். பாஸ்டர் சிரித்தார். "சந்தோஷம்மா. ஆனா அக்காவைப் பார்த்து வர்ற விசுவாசம் வேண்டாம். உனக்குன்னு வரட்டும். ரெண்டு வருஷம் போகட்டும்" என்றார். அவர் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதாலேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

அதன் பிறகு வீடே அக்காவைச் சுற்றி நடந்தது. அம்மா தன் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைப் புடவையை வெட்டி அவளுக்குப் பாவாடையும் தாவணியும் தைத்தாள். அப்பா புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய்ச் சிவப்பு ஓரம் வைத்த வேதாகமம் வாங்கிவந்தார். குழம்பில் மீனின் நடுத்துண்டு அவள் தட்டுக்குப் போனது. எனக்கு வால். அக்கா தன் துண்டில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் நல்லவளாக இருந்து என்னைக் கொன்றாள்.

ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் கிடைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. போன வருஷம் கடலில் கொடுத்தபோது பெரிய அலை ஒன்று வந்து, ஞானஸ்நானம் வாங்கியவரோடு பாஸ்டரையும் சேர்த்து முக்கியது. அவருடைய மூக்குக் கண்ணாடி கடலோடு போனது. கழுவெளி ஏரியோ கோடையில் வற்றிச் சேறாகக் கிடந்தது. அப்போதுதான் அப்பா ஒரு யோசனை சொன்னார். அப்பா உப்பளத்தில் இன்ஜின் பார்த்தார். தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுவது அவர் வேலை.

"எங்க இன்ஜின் குட்டை இருக்குதுங்க ஐயா. இடுப்பளவு தண்ணி நிக்குது. அலை கிடையாது, ஒண்ணும் கிடையாது. மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

சபையில் முக்கால்வாசிப் பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அந்தத் தண்ணீரை அவர்களைவிட அறிந்தவர்கள் இருக்க முடியாது. ஆனால் அவர்கள் அறிந்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழே. வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்து கனமேறிய அந்தத் தண்ணீரில் நின்றிருக்கிறார்கள், நடந்திருக்கிறார்கள், உப்பு வாரியிருக்கிறார்கள். யாரும் அதில் படுத்துப் பார்த்ததில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லாரும் குட்டையின் கரையில் கூடினோம். தண்ணீரில் பாவாடை விரிந்துவிடக் கூடாதென்று அம்மா அக்காவின் கணுக்காலோடு சேர்த்துப் பாவாடை நுனியை ஒரு நாடாவால் கட்டியிருந்தாள். அக்கா தத்தித் தத்தி இறங்கினாள். ஒரு பக்கம் பாஸ்டர், இன்னொரு பக்கம் அவருக்கு உதவியாக இருக்கும் டீக்கன். ஒரே ஒரு ஆள்தான் அந்த வருஷம், என் அக்கா. பாஸ்டர் அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார், அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எல்லாரும் கண்களை மூடி ஜெபத்தில் இருக்கும்படி பாஸ்டர் சொன்னார். அவரும் டீக்கனும்கூட மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. பொறாமைக்காரிக்குக் கண் மூடாது.

அவளை மல்லாக்கச் சாய்த்தார்கள். தலை உள்ளே போனது, தோள் போனது, இடுப்பு போனது. அந்தப் பக்கம் தலை இறங்க இறங்க, உப்பேறிய தண்ணீர் தூக்கிவிட்டு, இந்தப் பக்கம் இரண்டு பாதங்களும், நாடா கட்டியபடி, ஒன்றாக மேலே வந்தன. கணுக்கால் வரைக்கும். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பாதங்கள் வெயிலில் நின்றுவிட்டுக் கீழே போவதற்குள் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். "அல்லேலூயா" என்று எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

அக்காவின் கண்கள் ரத்தமாகச் சிவந்து, கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. "பாரு, மனந்திரும்புன கண்ணீர்" என்று உப்பு சுமக்கிற பெரியம்மா ஒருத்தி விம்மினாள். அம்மாவும் அழுதாள். டீக்கனும் அழுதார். அந்தத் தண்ணீர் கண்ணில் பட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் அழுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பாதங்களைப் பற்றியும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்து நினைத்து உள்ளுக்குள் ருசித்தேன். எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அவளுடைய வெள்ளைத் தாவணியைக் கொடியில் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் நடுத்துண்டைப் பிய்த்து வைத்தாள். வைடி, வை, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நான் எவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன் என்று அம்மாவே அதிசயப்பட்டாள்.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் சபை பனையோலை வேய்ந்த கொட்டகைதான். முன்னால் அங்கத்தினர்களுக்குப் பெஞ்சு, பின்னால் பிள்ளைகளுக்குப் பாய். அக்கா அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாயில் என் பக்கத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. டீக்கன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா ஒரு துண்டு எடுத்து அக்காவின் பக்கம் தட்டை நகர்த்தினாள். அம்மாவும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, அதில் எனக்கு ஒரு மூலைகூட இல்லை. நான் எழுந்துவிட்டேன்.

"அக்காவோட காலு முங்கல" என்றேன்.

டீக்கன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாஸ்டர் என்னை முன்னால் வரச் சொன்னார். கோபப்படாமல்தான் கேட்டார். "எல்லாரும் கண்ணை மூடித்தானே இருந்தோம். நீ எப்படிம்மா பார்த்த?"

"நான் மூடலைங்க" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பாஸ்டர் அக்காவிடம் திரும்பினார். அவள் ரொட்டியை எடுக்கப்போன கையை இன்னும் மடக்கவில்லை. "உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாப்டிஸ்டுச் சபையே அவளை நம்பத் தயாராக இருந்தது.

"தெரியும் ஐயா. கால்ல காத்து பட்டுச்சு" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "குட்டையைக் காட்டுனது அப்பா. அதான் சொல்லல" என்றாள்.

அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அது வரைக்கும் அப்பாவின் நினைப்பே வரவில்லை.

பிறகு ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. எங்களுக்கு மேலே பிஷப்பு கிடையாது, கேட்டு எழுத ஒரு தலைமையகம் கிடையாது. சபை தானே பேசித் தானே தீர்க்க வேண்டும். தண்ணீர் யாரையும் இரட்சிப்பதில்லை, விசுவாசம்தான் இரட்சிக்கிறது, அந்தப் பெண் இரட்சிக்கப்பட்டாயிற்று, ஒரு தரம் கிடைத்த இரட்சிப்பு காலைத் தூக்கியதால் போய்விடாது, ஆகவே விட்டுவிடலாம் என்றார் டீக்கன். பாஸ்டரும் தலையாட்டினார். ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது உப்பு சுமக்கிற பெரியம்மா எழுந்தாள்.

"ஞானஸ்நானம்னா பழைய மனுசனைப் பொதைக்கிறதுன்னு நீங்கதானே ஐயா சொல்லிக் குடுத்தீங்க? பொதைக்கிறப்ப காலை வெளிய வுட்டுட்டா மண்ணு தள்ளுவாங்களா?"

டீக்கன் உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னார்கள். அப்பா முதலில் தூக்கினார். இரட்சிப்பில் குறையில்லை, அடையாளத்தில் குறை, அதனால் மறுபடியும் கொடுப்பது, அதுவரை ரொட்டிப் பந்தியில் சேராமல் இருப்பது என்று தீர்மானமானது. அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவளுக்கு அவள் முழங்கை தன் மேல் படுவது ஏன் அவ்வளவு சங்கடமாக இருந்தது என்று தெரியவில்லை.

இதில் நான் கனவிலும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என் தலையில் கை வைத்து, "இத்தனை பெரியவங்க இருந்தும் ஒரு சின்னப் பொண்ணுதான் சத்தியத்துக்காக எழுந்து நின்னுச்சு" என்றார். உபதேசத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிற பிள்ளையை இரண்டு வருஷம் காக்கவைப்பது தன் தவறு என்றும் சொன்னார். அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது உப்பளத்து வரப்பில் அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்கே பாத்தியே. அன்னிக்கே சொல்லியிருந்தா குட்டையிலயே இன்னொரு வாட்டி முக்கியிருப்பாங்க. ஏன்டி ரொட்டி வர்ற வரைக்கும் இருந்த?"

"இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றேன்.

வரப்பு முடியும் வரைக்கும் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடல் அடங்கியிருந்த ஒரு காலையில் அக்காவுக்கு மறுபடியும் கொடுத்தார்கள். இந்தத் தடவை யாரும் கண்ணை மூடவில்லை. டீக்கன் கால் பக்கம் நின்று பார்த்து, "முங்கிச்சு!" என்று கத்தினார். அப்பா அலைக்குள் ஓடிப்போய் அவளைத் துண்டால் போர்த்திக்கொண்டு வந்தார். அவள் சபையின் அங்கத்தினர் ஆனாள்.

அடுத்த சபைக் கூட்டத்தில் என் முறை. எங்கள் வழக்கப்படி முதலில் சாட்சி சொல்ல வேண்டும்: நான் பாவி என்று எப்போது அறிந்தேன், என்னென்ன செய்தேன், யாரை நம்பினேன். நான் நன்றாகவே தயார் செய்திருந்தேன். வெல்லம் திருடியது, பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னது, ஜெபத்தில் கண்ணைத் திறந்துவைத்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கண்ணைத் திறந்ததைச் சொன்னபோது எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது வரப்போகிறது என்பதுபோல் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தாள். நான், "இப்படிப்பட்ட பாவியான என்னை ஆண்டவர் மன்னித்தார்" என்று முடித்துவிட்டேன்.

என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். அங்கத்தினர்கள் பேசி முடிவெடுக்கும்போது ஞானஸ்நானம் கேட்பவர் அங்கே இருக்கக் கூடாது. நான் வெளியே போய், ஓலைத் தட்டியில் ஒரு கிழிசலைக் கண்டுபிடித்துக் கண்ணை வைத்தேன்.

"இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதில் யாருக்காவது தடை உண்டா? இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும்" என்று பாஸ்டர் கேட்டார்.

எங்கள் சபையில் பதிமூன்று வயதுக்கும் ஒரு கைதான், அறுபது வயதுக்கும் ஒரு கைதான். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் ரொட்டி வரும் வரைக்கும் இருந்தாள் என்று கேளுங்கள் ஐயா என்றால் போதும். அவள் எழுந்து நின்றாள். பாஸ்டரும் அவளைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார். வாயைத் திறந்து, மூடினாள்.

"தடை இல்லைங்க ஐயா" என்றாள். உட்காராமல், நின்றபடியே வலது கையைத் தூக்கினாள். அவள் தூக்கியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்கினார்கள்.

தட்டிக்கு வெளியே நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். அக்கா எதையும் கண்டுபிடிக்கவில்லை, பாவம், நன்றாக ஏமாந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.